தலை மட்டும் மாற்றிய தகடு

பாரிஸில் சேன்-ழாக் தெருவில் படக்கடை வைத்திருந்த மதாம் கொர்பேல் என்னை மாடியறைக்குள் விட்டபோது காலை எட்டு மணி இருக்கும். மேசை, ஒரு கண்ணாடி, வெளிச்சத்தை மட்டுப்படுத்த சன்னலில் எண்ணெய்த்தாள். செதுக்குகிறவனுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது.

மேசைமேல் படம் அச்சடிக்கிற பழைய செப்புத்தகடு ஒன்று. எப்போதோ செத்துப்போன நீதிபதியின் உருவம். பட்டு அங்கி, கையில் ஒரு வெற்றுக் காகிதம்.

"தலையை மட்டும் சுரண்டிட்டு பிஷப் தலையை வை, அன்செல்ம். உடம்பு அப்படியே இருக்கட்டும். யாரு பார்க்கப்போறா?"

ஊரில் எல்லாரும் செய்கிற வேலைதான். ஒரு மாத உழைப்பு மிச்சம்.

"மதாம், என் பொண்டாட்டி ஒடிலுக்கு ஒன்பதாம் மாசம். வியாழக்கிழமைக்குள்ள நான் வீட்டுல இருக்கணும்."

"போன தடவையும் இப்படித்தான் சொல்லிட்டு மதுக்கடையில உக்காந்திருந்தே. முடிச்சாத்தான் கதவு திறக்கும்."

வெளியே சாவி திரும்பியது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய்யில்லை.

முகத்தைச் சுரண்டினேன். சுரண்டிய இடம் பள்ளமாகிவிடும். தகட்டைக் கவிழ்த்து, பின்பக்கம் சுத்தியலால் தட்டி மட்டமாக்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் யாரோ பல்லைக் கடிக்கிற சத்தம். செம்பின் குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிஷப்பின் ஓவியத்தைக் கண்ணாடிக்குக் காட்டி, அதில் தெரிந்த முகத்தைப் பார்த்துச் செதுக்கினேன். அப்போதுதான் அச்சில் நேராக விழும். புதன்கிழமை மதியம் முகம் முடிந்தது.

பிறகுதான் நீதிபதியின் கையைக் கவனித்தேன்.

காகிதம் வெற்றாக இல்லை.

பொடி எழுத்துகளில், 'அன்செல்ம் இவ்வறையை விட்டு நீங்கலாகாது.'

தகட்டில் எழுத்தை இடவலம் மாற்றித்தான் வெட்டுவோம். இது நேராக இருந்தது. அச்சிட்டுப் பார்ப்பவருக்காக வெட்டவில்லை. தகட்டைக் குனிந்து பார்க்கிறவனுக்காக வெட்டியிருந்தது.

சுரண்டினேன். தட்டினேன். மறுபடி வந்தது.

ஆழமாகச் சுரண்டினேன்.

இன்னும் பெரிதாக வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எடுத்தது தலையை. தீர்ப்பு எழுதிய கையை அப்படியே விட்டிருந்தேன்.

கையையே சுரண்ட ஆரம்பித்தேன், விரல் விரலாக. ஒடிலிடம் போக வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை.

கடைசி விரல் போனதும் சாவி திரும்பியது. கதவு திறந்தது. வெளியே ஆள் இல்லை. விழுந்தடித்துப் படியிறங்கித் தெருக்கதவைத் தள்ளினேன்.

மேசை. கண்ணாடி. எண்ணெய்த்தாள்.

தகட்டில் அந்தக் கை, ஒரு விரல் குறையாமல்.

அதற்குப் பிறகு எத்தனை முறை இறங்கினேனோ தெரியாது.

இன்று கதவுக்கு வெளியே பேச்சுக்குரல். ஒன்று மதாமுடையது, கிழடு தட்டியிருந்தது. மற்றது யாரோ இளம்பெண்.

"அப்பா இங்கதான் வேலை பார்த்தாராம். அம்மா சாகும்போது சொன்னாங்க."

"ஒடில் மகளா நீ? உங்கப்பன் பாதி வேலையில ஓடிட்டான்மா. பூட்டின கதவு பூட்டினபடியே இருந்துச்சு. எப்படிப் போனானோ."

கத்தினேன். குரல் வரவில்லை. கையிலிருந்த சுரண்டியால் கதவைக் கீறினேன், கீறிக்கொண்டே இருந்தேன்.

"உள்ள என்னமோ சுரண்டுற சத்தம் கேக்குதே."

"எலிம்மா. இருபது வருஷமா சுரண்டிக்கிட்டுத்தான் இருக்கு. பார்த்து இறங்கு, படி வழுக்கும்."