நின்றுபோன நாற்றம்

பள்ளத்துக்குள் இறங்கத் தொடங்கியதிலிருந்து மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்த அழுகிய முட்டை நாற்றம் சட்டென்று நின்றுபோனது.

"அப்பாடா, நாத்தம் விட்டுது" என்றாள் சந்திரகலா.

அவள் கணவன் சிவசங்கரன் நடையை நிறுத்தினான். கத்தாரில் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் பதினாறு வருடமாகப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவன். நாற்றம் நின்றால் காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைக்காதே, உன் மூக்கு செத்துவிட்டது என்பதுதான் அவனுடைய முதல் பாடம். கை தானாக நீலச் சட்டையின் பையைத் தடவியது. விஷவாயு இருந்தால் கத்தும் கேஸ் டிடெக்டர் இல்லை. லீவுக்கு வந்த இந்தப் பூங்காவின் வாசலில் அது கத்தியபோது, ஆலையில் வாராவாரம் நடக்கும் அலாரம் சோதனையில் அணைத்துப் பழகிய விரல் அதையும் அணைத்துவிட்டது. "அப்பா, யூ ஆர் ஆன் லீவ்" என்று எட்டு வயது சம்யுக்தா அதைப் பிடுங்கிக் காருக்குள் போட்டபோது இவனும் சிரித்தான்.

சவுதியின் அந்த எரிமலைப் பூங்காவில் சுற்றிலும் கரியாய் உறைந்த குழம்பு, வெடிப்புகளில் மஞ்சளாய்ப் பூத்த கந்தகம், மிதித்தால் பொருபொருவென்று நொறுங்கும் கல், எங்கோ அடியில் குக்கர் விசிலுக்கு முன் இரைவதுபோல் ஓர் ஓயாத இரைச்சல். காலையிலிருந்து முகத்தில் மணலை வீசிய காற்று மட்டும் இல்லை. காற்று அடங்கினால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்த விஷவாயு பள்ளத்தின் அடியில்தான் தேங்கும்.

கீழே உப்புத் தரையில் கல் பொறுக்க மகள் ஓடியிருந்தாள்.

"சம்யு, மேல வா."

அவன் குரல்தான் திரும்பி வந்தது.

"கலா, நீ மேல ஏறு. மூச்சை அடக்கிக்கோ."

"புள்ள கீழ இருக்காளேங்க."

எட்டிப் பார்த்தான். வெள்ளைத் தரையில் சிவப்பு கவுன். குப்புற. அசைவில்லை.

விழுந்தவரைத் தூக்க இறங்காதே. இறங்கினால் அடுத்த பிணம் நீ. அவனே சொல்லிக்கொடுத்தது. கால் இறங்கத் துடித்தது. சந்திரகலாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அப்பா."

குப்புறக் கிடந்தவளுக்குப் பக்கத்தில் சம்யுக்தா நின்றிருந்தாள். அதே சிவப்பு கவுன். கையாட்டினாள்.

"கம் டவுன், அப்பா. இங்க நாத்தமே இல்ல."

"வர்றேன்டா கண்ணு." சந்திரகலா கையை உருவிக்கொண்டு ஓடினாள். பாதி வழியில் கால் மடங்கியது. உருண்டாள். தரையில் போய்க் கிடந்தாள்.

ஆபத்து என்றால் தலை எண்ண வேண்டும். பதினாறு வருடப் பழக்கம். எண்ணினான்.

கிடந்தது இரண்டு.

நின்று கையாட்டியது மூன்று. மூன்றாவது, அவன் போட்டிருந்த அதே நீலச் சட்டை போட்டிருந்தது.