சுவருக்கு அந்தப் பக்கத்து எலிவிரட்டி

“உப்புத்தண்ணி ஏத்துன எலிக்கு எப்படிங்க காது போகும்? ஊசிய மாத்திப் போட்டுட்டு என்கிட்ட சாதிக்காதீங்க திருமூர்த்தி.”

ஆய்வாளர் செம்மலர் போட்ட சத்தம் ஒண்டிப்புதூர் ஆய்வுக்கூடத்தின் எலியறைச் சுவரைத் தாண்டி, அடுத்திருந்த கேன்டீன் வரை கேட்டது. அங்கே வடை தின்றுகொண்டிருந்தவர்களில் ஒருவரும் எழுந்து போகவில்லை. இன்னொரு வடை வாங்கிக்கொண்டார்கள். எலிகளைப் பராமரிக்கும் திருமூர்த்தியும் சளைத்தவனில்லை. ஊசியை மாற்றவே இல்லை என்று பதிலுக்குக் குரலை உயர்த்தினான்.

விஷயம் இதுதான். புற்றுநோய்க்கு ஏற்றும் பிளாட்டின மருந்து உயிரைக் காப்பாற்றும். கூடவே உள்காதின் மயிரிழைச் செல்களைக் கருக்கிவிடும். பிழைத்த குழந்தைகள் பலருக்குக் காது கேட்காது. செம்மலரின் காப்புமருந்து அந்தச் செல்களைக் காக்கும் என்று வெள்ளிக்கிழமைக்குள் எலிகளில் நிரூபிக்காவிட்டால், ஆய்வையே மூடிவிடுவார்கள்.

அளப்பதற்கு மறுவொலிமானி இருந்தது. சட்டைப் பொத்தான் அளவுக் கருவி. ஒலி உள்ளே போனால் நல்ல காது மெல்லிய ஒலியொன்றைத் திருப்பி அனுப்பும். கெட்ட காது அனுப்பாது. எலியிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. மனிதரிடமும்தான். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அதைப் பையில் போட்டுக்கொண்டு போன காலம் அது. ‘காதில் விழவில்லை’ என்று தப்பித்துவந்த கணவன்மார் இனம் ஏறக்குறைய அழிந்துவிட்டது.

அந்தக் கருவியில்தான், மருந்தே ஏற்றாமல் வெறும் உப்புத்தண்ணீர் ஏற்றிய எலிகளின் காதும் ஒலியைத் திருப்பி அனுப்பவில்லை.

“நான் நாலு தடவ சொன்னனுங்க மேடம். நீங்கதான் கேக்கல” என்றான் திருமூர்த்தி.

அவளுக்குப் பொறுக்கவில்லை. கருவியைத் தன் காதிலேயே வைத்துக் காட்டினாள். பச்சை விளக்கு, நூற்றுக்கு நூறு.

“காது நல்லாத்தானுங்க இருக்குது” என்றவன், ஐந்தாவது தடவையாகச் சொன்னான். போன மாதம் கேன்டீன்காரம்மா தன் பக்கத்துச் சுவரின் காற்றுத்துளையில் எலிவிரட்டி மாட்டியிருந்தார். மனிதருக்குக் கேட்காத ஒலியை எழுப்பும் பெட்டி. அதற்குப் பயந்து தெரு எலிகள் ஓடிவிட்டன. கூண்டு எலிகள் எங்கே ஓடும்? அங்கேயே கிடந்து காதைப் பறிகொடுத்தன.

செம்மலர் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு நேரே இயக்குநரிடம் போய், தவறு தன்னுடையது, திருமூர்த்தியுடையது அல்ல என்றாள். அவர் இரண்டு மாதம் கொடுத்தார். பெட்டி இறங்கியது, புது எலிகள் வந்தன. பிளாட்டின மருந்தோடு காப்புமருந்தும் ஏற்றிய எலிகள் மறுவொலி தந்தன. இன்று குழந்தைகள் வார்டில் அந்த மருந்துதான்.

கேன்டீன்காரம்மா எலிவிரட்டியோடு சூலூருக்குக் குடிபோனார். ஆவணியில் செம்மலருக்கும் திருமூர்த்திக்கும் கல்யாணம். ‘மேடம்’ இப்போது ‘அம்மணி’ ஆகிவிட்டது. சமையலறையிலிருந்து அவள் நாலு தடவை கூப்பிடுகிறாள், அவன் அசைவதில்லை. வந்து அவன் காதில் கருவியை வைத்துப் பார்க்கிறாள்.

பச்சை விளக்கு, நூற்றுக்கு நூறு.