சம்பந்தப்பட்டவரின் ஆட்சேபனை

விண்ணப்பத்தின் நிலை மாறியிருந்தது. பத்து நாளாகக் காலையும் மத்தியானமும் "பரிசீலனையில்" என்ற ஒரே சொல்லைக் காட்டிக்கொண்டிருந்த அந்த அரசாங்கப் பக்கம், இன்று பகல் மூன்று மணிக்குச் சிசிலியா கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது, "ஆட்சேபனை கிடைத்துள்ளது" என்று சிவப்பெழுத்தில் சொன்னது.

மகளுக்கு அழைப்பெடுத்தாள்.

"லவீனா, ஆரோ மறுத்திருக்கினமாம் பிள்ளை."

"எத்தினை தரமம்மா உந்தப் பக்கத்தைத் திறக்கிறியள்? அதென்ன லொத்தர்ச் சீட்டு முடிவோ?" லவீனா சிரித்தாள். அவளுக்குப் பின்னால் தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. "ஏதும் பிழையாக் கிடக்கும். பிறகு வாறன், பாப்பம்."

"உன்ரை அண்ணையின்ரை பதிவுக்கு ஆர் பிள்ளை மறுப்புச் சொல்லுறது? நானும் நீயும்தானே மிச்சம்?"

மெசின் நின்றது. "அழாதேங்கோ அம்மா. போனை வையுங்கோ."

அவள் அழவில்லை. அழுவதற்குத் தனக்கு உரிமையில்லை என்று நினைத்திருந்தாள். மகன் எமில்ராஜ் காணாமற்போனபோது அவனுக்குப் பத்தொன்பது வயது; அது நடந்து பதினாறு வருடமாகிறது. இறந்தான் என்று எழுதவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் சிசிலியா. காணாமற்போனவன் என்று ஒரு சான்றிதழ் எடுத்து, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கிராம அலுவலரான விதானையாரிடமும் மாவட்ட அலுவலகமான கச்சேரியிலும் போய் நின்று அதை நீடித்து வந்தாள். இந்த முறை லவீனா போனிலேயே படிவத்தைத் திறந்து கையில் கொடுத்தாள். திரையில் இரண்டு பெட்டிகள். நீடிக்க ஒன்று, இறப்பைப் பதிய ஒன்று. நீடிப்பதென்றால் மறுபடி நேரில் போய்க் கச்சேரிப் படிகள் ஏற வேண்டும். முழங்கால் வீங்கியிருந்தது. அவள் இரண்டாவதைத் தொட்டாள். மனம் ஆறிவிட்டது என்று மகளுக்குப் பொய் சொன்னாள்.

சிவப்பெழுத்தை விரலால் அழுத்தினாள். வேறொரு பக்கம் மெல்லத் திறந்தது.

ஆட்சேபித்தவர்: சம்பந்தப்பட்டவர்.
விசாரணை: இன்று, பி.ப. 4.00.
இடம்: விண்ணப்பதாரியின் வதிவிடம்.

எழுத்துக்கூட்டி மூன்று தரம் வாசித்தாள். முதலில் வந்தது பயமல்ல, சந்தோசம். உயிரோடு இருக்கிறான். எங்கேயோ இருந்துகொண்டு மறுப்பு எழுதியிருக்கிறான். தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினாள், கதிரையைத் தூசி தட்டினாள், தலையை வாரி முடிந்தாள்.

வெளியே குருநகர் ஒழுங்கை எந்த நாளும் போல் இரைந்துகொண்டிருந்தது: கிழிந்த வலை பொத்துகிறவர்களின் ரேடியோ, கருவாட்டுத் தட்டில் காகங்கள், பாண் ரொட்டி விற்கிற வண்டியின் அதே பாட்டு, தூரத்தில் வள்ளமொன்றின் எஞ்சின். நாலு மணியை நெருங்க நெருங்க அவை ஒவ்வொன்றாகக் குறைந்தன. பாண் வண்டி பாட்டின் நடுவில் நின்றது. பிறகு ரேடியோ. பிறகு காகங்கள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது, சத்தமில்லாமல். வீட்டுக்குள் ஒரு மணம் புகுந்தது. அவள் பிறந்து வளர்ந்த கடலின் மணமல்ல. தோண்டிப் புரட்டிய ஈர மணலின் மணம்.

வேலிப் படலை திறந்தது.

ஈரக் காலடி. ஒன்று. இன்னொன்று.

வாசலில் அவன் நின்றான்.

பத்தொன்பது வயது. ஒரு நாள்கூடக் கூடவில்லை. காணாமற்போன அன்று போட்டிருந்த அதே நீலக் கட்டம் போட்ட சேட்டு. அதே அரும்பு மீசை.

"ஆச்சி, அம்மா நிக்கிறாவோ?"

வாய் திறந்ததும் கீழுதட்டிலிருந்து ஒரு சிட்டிகை மணல் உதிர்ந்தது.

"ராசா..." என்றாள். "நான்தான்..."

அவளுடைய வெள்ளைத் தலையை அவன் மரியாதையோடு பார்த்தான். தெரியாத வீட்டுக் கிழவியைப் பார்க்கும் பார்வை.

"இல்லையாச்சி, அம்மாக்குத் தலை நல்ல கறுப்பு." மணல். "என்னைச் செத்ததெண்டு ஆரோ அவவின்ரை பேரிலை எழுதிப்போட்டினம்." மணல். "அவ அப்பிடி எழுதமாட்டா. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

நான்தான் எழுதினேன். சொல்ல வேண்டும்.

"அவ எப்ப வருவா?"

அவன் கண்கள் இமைக்கவில்லை. அவற்றின் ஓரங்களிலும் மணல்.

"இப்ப..." அது தன் குரல்தான் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. "இப்ப வந்திடுவா, தம்பி. இருங்கோ."

"ஓம். வருமட்டும் இருக்கிறன்."

கதிரையில் இருந்தான். முகம் வாசலை நோக்கி. கைகள் முழங்காலில், பள்ளிக்கூடப் பிள்ளை போல. இனிப் பேச்சில்லை. மூச்சில்லை. ஆனால் உதடுகள் திறந்தபடி. மணல் நிற்கவில்லை. மடி நிறைந்தது. வழிந்தது. அவள் பாதங்களை மூடியது, குளிராக.

அவன் அவளைத் தாண்டி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான், ஆசையோடு.