பெர்லாவின் நுழைவுப் பக்கத்தில் தொங்கிய நட்சத்திரம்

செப்டம்பர் ஒன்று. காலை 6.40.

பெர்லா இபான்யெஸின் வலைப்பூவிலிருந்து அவள் அம்மா காணாமல் போய்க்கொண்டிருந்தாள். மீன் சூப் வைக்கும் அம்மா போய்விட்டாள். முருங்கைக்கீரை உருவும் அம்மாவும் போய்விட்டாள். வருடக்கணக்காக எடுத்த சமையல் காணொளிகள், வேறெங்கும் பிரதி கிடையாது. அம்மாவோ பிப்ரவரியிலேயே கண்ணை மூடிவிட்டாள். யாரோ பாஸ்வேர்டை மாற்றிவிட்டதால், பெர்லாவால் பார்த்துப் பதைக்கத்தான் முடிந்தது.

எட்டு மணிக்கு செபு நகர சைபர் போலீஸ் இன்ஸ்பெக்டர் மெல்பா துமுலாக் வந்தபோதும் பெர்லாவின் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கூடத்தில் எல்மர் காப்பியோடு உட்கார்ந்திருந்தான். அவன் ஒரு சாஸ் கம்பெனியின் விளம்பர மேலாளர்; செய்தி கேட்டு ஆறுதல் சொல்ல வந்தவன். பெர்லாவின் அக்கா மகள் ஜுவி மூலையில் அழுதுகொண்டிருந்தாள். வலைப்பூவை வடிவமைத்த ரோடெல் வாசற்படியில் கிடந்தான். வீட்டுக்குள் வராதே என்று பெர்லாதான் விரட்டியிருந்தாள்.

மெல்பா அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"உக்காருங்க மானாங்." அக்கா என்பதை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

"உக்கார முடியல மேடம். கேளுங்க."

"காலையில என்ன நடந்துச்சு?"

"மறுபடி உள்ள நுழையணும்னு மெயில் வந்துச்சு. தட்டினேன். நம்ம நுழைவுப் பக்கமேதான். அதே பச்சை, அதே சூப் கிண்ணம். பத்தாததுக்குக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வேற. இந்த வருஷம் வேணாம்டான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் ரோடெல்கிட்ட. அப்படியும் தொங்கவிட்டிருக்கான் பாருங்க. வந்த ஆத்திரத்துல பாஸ்வேர்டைத் தட்டிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, பக்கமே போலி."

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அதை அவளே நொந்துகொண்டாள்.

"அவன்தான் மேடம். அவன் வரைஞ்ச பக்கம் அச்சு அசலா வேற யாருக்கு வரும்?"

தெருவில் ஒரு ஜீப்னி வண்டி கிறிஸ்துமஸ் பாட்டை அலறவிட்டபடி போனது. செப்டம்பர் முதல் தேதியே செபுவில் கிறிஸ்துமஸ் தொடங்கிவிடும்; இனி ஜனவரி வரைக்கும் காது கிழியும்.

"நட்சத்திரம் ஏன் வேணாம்னீங்க?"

துக்கத்துக்கு அடையாளமாக ரவிக்கையில் குத்தியிருந்த கறுப்புத் துணிப் பின்னைப் பெர்லா தொட்டுக் காட்டினாள். "அம்மாவுக்கு வருஷம் திரும்பல."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"ரோடெலுக்கும் ஜுவிக்கும் மட்டும். போன ஞாயிறு கல்லறையில வெச்சுச் சொன்னேன்."

மெல்பா தன் கைப்பேசியில் வலைப்பூவின் உண்மையான நுழைவுப் பக்கத்தைத் திறந்தாள். பெர்லாவின் பின்னை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு கூடத்துக்கு நடந்தாள்; பெர்லாவும் பின்னாலேயே வந்தாள்.

"எல்மர் சார், நீங்க விளம்பரக்காரர். ரோடெல் போட்ட நுழைவுப் பக்கம் எப்படி? அது இன்னும் தொறக்குது, பாத்தீங்களா?"

"காலையில பாத்தேனே. நல்ல கைவேலை. பச்சைக்கும் கிண்ணத்துக்கும் மேல அந்த நட்சத்திரம், சிவப்புக் குஞ்சம் ரெண்டு. கண்ணுக்குக் குளிர்ச்சி."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். மெல்பா கைப்பேசியை அவன் முன் நீட்டினாள். பக்கத்தில் நட்சத்திரமும் இல்லை, குஞ்சமும் இல்லை.

"நட்சத்திரம் இருந்தது போலியில மட்டும்தான் சார். அதை நீங்க எங்க பாத்தீங்க?"

எல்மரின் காப்பி சட்டையில் சிந்தியது.

"ஆகஸ்ட்ல இந்தப் பக்கத்தைக் காப்பியடிச்சு வெச்சிருக்கீங்க. முதல் தேதி விடிஞ்சா நட்சத்திரம் தொங்காத இடம் செபுவுல ஏது? வருஷா வருஷம் இங்கயும் தொங்கும். அப்படியே இருக்கட்டும்னு போன வருஷத்து நட்சத்திரத்தை ஒட்டி அனுப்பினீங்க. இந்த வீட்டுல துக்கம்னு தெரியும். துக்கத்துல நட்சத்திரத்தை நிறுத்திட்டாங்கன்னுதான் தெரியாது. ரோடெலோ ஜுவியோ செஞ்சிருந்தா அதை ஒட்டியிருக்கவே மாட்டாங்க."

"வித்துடுங்கன்னு எத்தனை தடவை கெஞ்சினேன்," என்று எல்மர் முனகினான். "கம்பெனிக்கு அந்தச் சமையலெல்லாம் வேணும். எதையும் அழிக்கல. மறைச்சுத்தான் வெச்சிருக்கேன்."

"எங்க அம்மாவையாடா விலை பேசின?" பெர்லா அவன் எதிரே வந்து நின்றாள்.

புதிய பாஸ்வேர்டை எல்மர் சொல்லச் சொல்ல, அவள் உண்மையான பக்கத்தைத் திறந்தாள். இன்று அதை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பச்சை நிறம், சூப் கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பில், நட்சத்திரம் தொங்க வேண்டிய இடத்தில், சின்னதாக ஒரு கறுப்புப் பின். அவள் ரவிக்கையில் இருந்தது போலவே.

வாசலுக்கு ஓடினாள்.

"எப்படா போட்ட இதை?"

"நேத்து சாயங்காலம் மானாங்," என்றான் ரோடெல், தலை நிமிராமல். "எல்லாரும் நட்சத்திரம் ஏத்தறப்ப. காலையில பாப்பீங்கன்னு நெனச்சேன்."

பெர்லா படியில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் உட்கார்ந்தது அப்போதுதான். கைப்பேசியை இருவருக்கும் நடுவில் பிடித்தாள். அம்மா மீன் கழுவ ஆரம்பித்தாள்.