தகட்டில் கீறிய முகம்

சொட்டும் குடையை மடக்கக்கூடத் தோன்றாமல் பெண் ஓவியர் அத்ரியென் மார்ஷால் துப்பறிவாளர் தெவெனனின் அறைக்குள் வந்து நின்றார்.

"நான் அச்செடுக்கப் படம் கீறிவச்சிருந்த செப்புத் தகட்டை நாசம் பண்ணிட்டாங்க. வேலைக்காரி நொயெமிதான்னு நினைச்சு வீட்டைவிட்டு அனுப்பிட்டேன். கண்ணை மூடினா அவ அழுத முகம்தான் தெரியுது."

"அவதான்னு ஏன் நினைச்சீங்க?"

"தன் முகம் இருக்கிற படத்தைக் கடையில மாட்டவேண்டாம்னு கெஞ்சினா. அறையைப் பெருக்குறவளும் அவதான்."

தகடு நாசமாகும் முன் அதிலிருந்து எடுத்த அச்சுப் படத்தை அத்ரியென் மேசையில் விரித்தார். நொயெமி முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டு, குளிப்பாட்டிய குழந்தையைத் துண்டால் சுற்றி அணைத்திருந்தாள். குழந்தையின் கன்னம் அவளது வலது தோளில் புதைந்திருந்தது.

தெவெனனின் மைத்துனன் ஓபேன் குனிந்து பார்த்தான். "அத்தான், சோப்பு வாசனையே வருது!"

"வரும், வரும். தொப்பியை எடு."

ஓவியரின் வீட்டு மாடியிலிருந்த ஓவிய அறையில், துணிக்குள் சுற்றிவைத்திருந்த தகட்டை அத்ரியென் பிரித்துக் காட்டினார். நொயெமியின் முகம் படம் கீறும் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கிழிபட்டிருந்தது. அதை ஒட்டியிருந்த குழந்தையின் தலையில் ஒரு கீறல்கூட இல்லை.

"சந்தேகமே இல்ல, வேலைக்காரிதான்" என்றான் ஓபேன். "தன் மூஞ்சியை மட்டும் அழிச்சிருக்கா."

"அவசரப்படாதே" என்றார் தெவெனன்.

கீழே கூடத்தில் அத்ரியெனின் தங்கை க்ளோதில்ட் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். படத்திலிருக்கும் குழந்தை லூசியன் அவளுடைய மகன்தான். அவனை இங்கே விட்டுவிட்டு நோயாளிக் கணவனோடு லியோன் நகரில் இருந்தவள், அண்மையில்தான் திரும்பியிருந்தாள்.

"தகட்டைப் பார்த்தீங்களா, மேடம்?" என்று அவளிடம் கேட்டார் தெவெனன்.

"அக்காவோட அறைக்குள்ள நான் காலே வைக்கல. தெருமுனைக் கடையில அச்சைப் பார்த்தேன். அழகா இருந்தது. என்ன உரிமையா அவளோட இடது தோள்ல சாஞ்சிருக்கான்!"

தெவெனன் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வலது தோள், மேடம். கடையில இருக்கிறதும் என்கிட்ட இருக்கிறதும் ஒரே அச்சுதான். தாள்ல விழும்போது இடம் வலமா மாறிடும். குழந்தை இடது தோள்ல இருக்கிறது செப்புத் தகட்டுல மட்டும்தான்."

"ஞாபகப் பிசகா இருக்கலாம்" என்றாள் க்ளோதில்ட்.

"இருக்கலாம். ஆனா கீறினவர் முகத்தை அவ்வளவு கோபமா கிழிச்சும், ஒட்டியிருந்த குழந்தை மேல ஊசி படாம பார்த்துக்கிட்டார். வெட்கத்துல முகத்தை மறைக்கிறவ ஒரு கோட்டுல மறைச்சிருப்பா. இது வெட்கம் இல்ல."

க்ளோதில்ட் கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"ஊர்ல இருந்து வந்ததும் அவனைத் தூக்கினேன். திமிறிக்கிட்டு அவகிட்ட ஓடினான். அவளைத்தான் அம்மான்னு கூப்பிட்டான். அன்னைக்கே மேல போனேன். தகடு மேசைமேல இருந்தது, பக்கத்துலயே ஊசி."

"அவளை வெளியே அனுப்பினப்போ நீ பக்கத்துலதானே நின்னே?" என்று கேட்டார் அத்ரியென். தங்கையைக் குற்றம் சொன்னபோதே தன் குற்றமும் அவருக்குத் தெரிந்தது; ஒரு வார்த்தை விசாரிக்காமல் கதவைச் சாத்தியது அவருடைய கைதான்.

மறுநாள் சகோதரிகள் இருவரும் நகரின் பத்திஞோல் பகுதியில் ஒரு சலவைக் கடையில் நொயெமியைக் கண்டுபிடித்தார்கள். அத்ரியென் மன்னிப்புக் கேட்டார், திரும்பி வரச் சொன்னார். நொயெமி இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை.

"வரமாட்டேன், மேடம். இங்க யாரும் என்னைத் திருடி மாதிரி பார்க்கிறதில்ல." பிறகு க்ளோதில்டை நிமிர்ந்து பார்த்தாள். "வலிக்குதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அம்மான்னு கூப்பிடாதேன்னு அவனைத் திருத்தியிருப்பேன்."

"நீ அப்பவே திருத்தினே" என்றாள் க்ளோதில்ட். "அவன் கூப்பிட்டப்பல்லாம் 'நான் நொயெமிடா, அம்மா அங்கே'ன்னு என்னைக் காட்டினே. என் காதால கேட்டேன். கேட்டும்தான் ஊசியை எடுத்தேன்."