ஒன்பது கிலோ சத்தம்

எங்கள் வீட்டில் சத்தம் போட ஒரே ஓர் ஆளுக்குத்தான் அனுமதி. அது ஆள்கூட இல்லை, துப்பாக்கி!

அதுவும் வீட்டில் இருக்கும் துப்பாக்கி இல்லை. எந்தக் காலத்திலோ நடந்த போரில் சிப்பாய்கள் சுமந்து திரிந்த பழைய தானியங்கி ரைபிள். விசையை அழுத்திப் பிடித்தால் தானாகச் சுட்டுக்கொண்டே இருக்குமாம். அதை இப்போது ஒரு வீடியோ கேமில் கொண்டுவருகிறார்கள். அதற்குச் சத்தம் செய்து கொடுப்பது என் அம்மாவின் வேலை.

அம்மா கேம்களுக்கு ஒலி செய்பவர். சேற்றில் நடக்கும் சத்தம் வேண்டுமா, ஈரத்துணியைப் பிசைவார். எலும்பு முறியும் சத்தம் வேண்டுமா, கேரட்டை உடைப்பார். ஆனால் இந்த ரைபிளைச் சுடுவதற்கு முன் பக்கத்தில் உள்ள பிடியைப் பின்னால் இழுத்து விட வேண்டும். அந்தக் ‘கிரக்-டக்’ மட்டும் ஒரு வாரமாக வரவில்லை.

ஒரு வாரமாக எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடவில்லை. தும்மல் வந்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துத் தும்ம வேண்டும். என் டிரம் கட்டிலுக்கு அடியில் தூசி குடித்துக்கொண்டு கிடந்தது.

நாளைக்குப் பள்ளி பேண்டுக்குத் தேர்வு. டிரம்முக்கு ஒரே இடம். எனக்குப் போட்டி எங்கள் வகுப்பு நெட்டை. அவன் தன் வீட்டில் காலையும் மாலையும் வெளுத்து வாங்குகிறான். நானோ தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு எரியுமா, எரியாதா?

“அம்மா, அரை மணி நேரம் மட்டும் வாசிச்சுக்கறேனே!”

“இன்னிக்கு ஆறு மணிக்குள்ள அனுப்பணும் கண்ணு. ரெண்டு தடவை வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இதுவும் சரியில்லன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க.”

“நேத்தும் இதையேதான் சொன்னே!”

“ஷ்ஷ்... மைக் ஓடுது.”

அம்மா கத்தரிக்கோலைத் திறந்து மூடினார். ஒரு பழைய தாழ்ப்பாளைக் கையில் பிடித்து இழுத்தார். பக்கத்தில் என் தம்பி வாண்டு, காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி கேம் என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

“பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருக்கும்மா” என்றான்.

அம்மா மறுபடி இழுத்தார்.

“இதுவும் பொம்மைதான்.”

அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை.

“அந்தத் துப்பாக்கியை நம்ம வீட்ல யாராவது கண்ணால பார்த்திருக்கோமா? அது சத்தம் போடலாம், நான் போடக் கூடாதா?”

அறைக்குள் ஓடினேன். கதவை அடித்துச் சாத்தினேன். முதுகால் கதவை முட்டிக்கொண்டு, “யாரும் என்கிட்ட பேசாதீங்க!” என்று கத்தியபடியே தாழ்ப்பாளை இழுத்தேன்.

கிரக்-டக்!

வெளியே நாற்காலி நகர்ந்தது. பிறகு கதவு தட்டப்பட்டது.

“மிளகாய்! கதவைத் திற!”

என் கோபத்துக்காக வீட்டில் வைத்த பெயர் அது. அந்த நேரத்தில் அதைக் கேட்டால் இன்னும் எரிச்சல்தான் வரும்.

“திறக்க மாட்டேன்! திட்டுவே.”

“திட்டலடி. இப்ப என்ன பண்ணே? அந்தச் சத்தம்தான் வேணும்! நீ கத்தினதும் அதோட சேர்ந்து பதிவாயிடுச்சு. இன்னொரு தடவை பண்ணு!”

‘டிரம் வாசிக்க விட்டாத்தான் பண்ணுவேன்’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தாழ்ப்பாள் என் கையில்தானே இருந்தது!

கதவை ஒரு விரல் அளவு திறந்து பார்த்தேன். அம்மாவின் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. பழைய தாழ்ப்பாள் நசுக்கியிருக்க வேண்டும். காலையில் ஊற்றிய தேநீர் மேசையில் ஆடை கட்டிக் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை.

எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் கோபத்தோடும் கதவைத் திறக்கலாமே. திறந்தேன்.

அம்மாவும் வாண்டுவும் உள்ளே வந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு, அம்மா மைக்கைத் தாழ்ப்பாள் அருகே நீட்டினார். தாழ்ப்பாளை இழுத்தேன்.

“பொம்மை” என்றான் வாண்டு.

“முதல்ல கோபமா இழுத்தே. இப்பவும் கோபப்படு” என்றார் அம்மா.

“கேட்டா வர்றதுக்குக் கோபம் என்ன குழாய்த் தண்ணியா?”

வாண்டு தொண்டையைச் செருமினான். “அக்கா, நீ அலமாரி மேல ஒளிச்சு வெச்ச மிட்டாயை நான்தான் தின்னேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

அவனை முறைத்தபடியே தாழ்ப்பாளை வெடுக்கென்று இழுத்தேன். கதவு கடகடவென்று ஆடியது.

“பொம்மைதான்க்கா” என்றான் வாண்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டு.

வேண்டிய அளவு கோபம் இருந்தது. அப்படியும் அந்தச் சத்தம் வரவில்லையே! நான் யோசித்தேன்.

“அம்மா, அந்தத் துப்பாக்கி எவ்வளவு கனம்?”

“ஒன்பது கிலோகிட்ட இருக்கும்னு எழுதியிருக்காங்க.”

“ஒன்பது கிலோவா?” வாண்டு வாயைப் பிளந்தான். “கேம்ல நான் அதைத் தூக்கிட்டுச் சுவரே தாண்டுவேன்!”

“கேம்ல கனம் தெரியாதுடா. அம்மா, நீ எடுத்ததெல்லாம் கைக்குள்ள அடங்கற லேசான சாமான். முதல்ல நான் முதுகால கதவை முட்டிட்டு இழுத்தேன். கதவு அசையவே இல்ல. அந்தக் கனம்தான் கேட்டிருக்கு. வாண்டு, இங்க வா. நீயும் முட்டு!”

இரண்டு பேரும் முதுகைக் கொடுத்து நின்றோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன்.

கிரக்-டக்!

வாண்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிச் சரணடைந்தான்.

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. “இதேதான்! எப்படிப் பண்ணீங்க?” என்று எதிர்முனையில் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

“என் பொண்ணு பண்ணினா” என்றார் அம்மா.

பிறகு அவரே கட்டிலுக்கு அடியில் குனிந்து டிரம்மை இழுத்தார். முந்தானையால் தூசியைத் துடைத்தார். “ஒரு வாரத்தைத் தின்னுட்டேன். இப்ப வாசி” என்றார்.

வாசித்தேன். கை மரத்துப் போயிருந்தது. தாளம் தப்பியது. அந்த எரிச்சலில் இன்னும் ஓங்கி அடித்தேன். மெல்ல மெல்லத் தாளம் பிடிபட்டது.

அப்போதுதான் அழைப்பு மணி அலறியது. கீழ்வீட்டுக்காரர் வாசலில் நின்றார்.

“இது வீடா, சந்தைக்கடையா? ஒரு வாரமா நிம்மதியா இருந்தோம்!”

குச்சிகளைக் கீழே வைத்துவிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு.

“யார் நிறுத்தச் சொன்னது? நீ வாசி” என்று சொல்லிவிட்டு அம்மா வாசலுக்குப் போனார். ஒரு வாரமாகக் கிசுகிசுத்தே பேசிய அம்மாவின் குரல் படிக்கட்டு முழுக்க அதிர்ந்தது.

“ஒரு வாரம் என் பொண்ணு மூச்சைக்கூட அடக்கித்தான் விட்டா! நாளைக்கு அவளுக்குத் தேர்வு. இருட்டற வரைக்கும் வாசிப்பா. காது வலிச்சா சொல்லுங்க, பஞ்சு நானே கொண்டுவந்து தர்றேன்!”

வாண்டு என்னைப் பார்த்தான். நான் வாண்டுவைப் பார்த்தேன். எனக்கு இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது.

குச்சிகளை எடுத்து முதலிலிருந்து அடித்தேன்.