முகமில்லாதவள்

"ஹாஜி, சிலையைக் காணோம்" என்று வாசலிலேயே நின்று சொன்னாள் ரபீஹா. பழைய கிரேக்க நகரமான சைரீனின் இடிபாடுகளில் கிடைக்கும் பொருள்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. "நேத்து பூரா தேடிட்டேன். கையெழுத்துப் போட்டவ நான். திருடி வித்துட்டேன்னு என்னைத்தான் உள்ள போடுவாங்க."

ஓய்வுபெற்ற காவல் அதிகாரி சாலிஹீன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். அதற்குள் அவருடைய மருமகன் மிஃப்தாஹ் வண்டிச் சாவியை எடுத்துவிட்டான். நாற்பது வயதாகியும், திருடன் என்ற சொல் காதில் விழுந்தால் அவனுக்குக் கால் தரையில் நிற்காது.

மூன்று வாரங்களுக்கு முந்தைய புயலில் மலைச்சரிவு இடிந்து, கிரேக்கர் காலத்துக் கல்லறை ஒன்று திறந்துகொண்டது. அதற்குள் இரண்டு பளிங்குச் சிலைகள் இருந்தன. ஒன்று பிற்காலத்தில் வைத்த ரோமானிய ஆணின் தலை, மூக்குகூட உடையாதது. மற்றது இடுப்புவரை செதுக்கிய பெண். முகம் இருக்கவேண்டிய இடத்தில் வழவழவென்று வெறும் கல். அக்காலத்தில் கல்லறைகளில் அப்படியும் வைத்திருக்கிறார்கள். புதன் மாலை இருந்த அந்தப் பெண்சிலை வியாழன் காலையில் இல்லை.

"அந்தத் தலை?" என்றார் சாலிஹீன்.

"அது அப்படியே இருக்கு."

"இது தேன்கடை அத்தியா வேலைதான் மாமா!" என்றான் மிஃப்தாஹ். "பழைய காசு வித்து ரெண்டு தடவை மாட்டினவன்."

அவர்கள் போய்ப் பார்த்தபோது, சரிவில் பலகை வைத்து இழுத்த தடமும், அதையடுத்துச் சக்கரத் தடமும் இருந்தன. சக்கரத் தடம் நெடுஞ்சாலைக்கு இறங்காமல் ஊர்ப்பக்கம் ஏறியிருந்தது. காவலாளியின் கொட்டகை பூட்டியிருந்தது.

"யூனிஸ் அண்ணன் லீவு" என்றாள் ரபீஹா. "அதே புயல்ல, தெர்னா பட்டணத்து வெள்ளத்துல போன அவர் மக கௌலா கிடைச்சிட்டா. நேத்துக் காலைல அடக்கம். அங்க நர்ஸுக்குப் படிச்சிட்டிருந்த பொண்ணு."

கடையில் தேன் அளந்துகொண்டிருந்த அத்தியா எகிறினான். "ஊர்ல எது காணாமப் போனாலும் என் தலையிலதானா? புதன் சாயங்காலத்துலேருந்து யூனிஸ் வீட்டுக்குக் குழி வெட்டினேன். காலைல சந்தூக்குப் பெட்டிக்குத் தோளும் கொடுத்தேன். ஒல்லிப் பொண்ணு, என்ன கனம்! இன்னும் தோள் வலிக்குது. தண்ணியில ஊறினா அப்படித்தான்னாங்க."

சாலிஹீன் தலையாட்டினார். "துக்கம் கேட்டுட்டு வருவோம்."

யூனிஸின் வண்டி வீட்டுக்கு முன்னால் நின்றது. கடந்து போகையில் சாலிஹீன் குனிந்து சக்கரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு யூனிஸின் அருகில் உட்கார்ந்தார். மகளைத் தெர்னாவிலிருந்து அந்த வண்டியில்தான் கொண்டுவந்ததாக யூனிஸ் சொன்னான். சாலிஹீன் கேட்டார்: "அந்தச் சிலை காணாமப் போச்சாமே?"

"கேள்விப்பட்டேன் ஹாஜி. பாவம், அவளுக்கு முகம்கூட இல்ல."

சாலிஹீன் எழுந்து விடைபெற்றார். தெருவுக்கு வந்ததும் மற்ற இருவரிடமும் சொன்னார்.

"விக்கிறவன் முகம் உள்ள தலைய விட்டுட்டு, முகமில்லாத பாரத்தைத் தூக்கமாட்டான். மருமகனே, நிவாரணச் சாமானோட தெர்னா போனியே, நம்ம வண்டியில அந்தச் சாம்பல் சேறு போச்சா?"

"ரெண்டு வாரமாக் கழுவுறேன் மாமா. போகவே இல்ல."

"மகளை அந்த வண்டியிலதான் கொண்டுவந்தேன்னான் யூனிஸ். டயர்ல நம்ம ஊர்ச் செம்மண்ணைத் தவிர ஒண்ணுமில்ல. அத்தியா தோள் வலிக்குதுங்கிறான். அப்புறம், நாம எல்லாரும் சிலைய 'அது'ன்னோம். அவன் மட்டும் 'அவ'ன்னான்."

ரபீஹா வாயைப் பொத்திக்கொண்டாள். காலையிலிருந்து திருடனைத் தேடித் துடித்த மிஃப்தாஹ் வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டான். "விட்டுடலாம் மாமா" என்றான்.

"விட்டா இந்தப் பொண்ணுல்ல ஜெயிலுக்குப் போவா?"

வீட்டின் பின்புறம் அழைத்துக் கேட்டபோது யூனிஸ் மறுக்கவில்லை.

"நிவாரண லாரியில தொத்திக்கிட்டுப் பதினாறு தடவை போனேன் ஹாஜி. ஒவ்வொரு பிணப் பையாத் திறந்து பார்த்தேன். எங்கயும் இல்ல. அவ அம்மா சல்மா வாசலை விட்டு நகரமாட்டேங்கிறா, சோறு இறங்கல. குழின்னு ஒண்ணு இருந்தா அழுது தீர்ப்பாளேன்னு அந்தச் சிலைக்குக் கம்பளி சுத்தி ஆள் நீளமாக்கி, கஃபன் துணி போட்டுட்டேன். முகத்தைத் திறக்கக்கூடிய நிலைமை இல்லன்னு சொன்னேன். அவளுக்குத் தெரியவேண்டாம். உசிரையே விட்டுடுவா."

"தெரியும்."

அடுப்படி வாசலில் சல்மா நின்றிருந்தாள்.

"கஃபன்மேல கை வச்சேன். தோள் கல்லா இருந்துச்சு. என் பிள்ளை தோள் எனக்குத் தெரியாதா?" அவள் கணவனைப் பார்த்தாள். "வெள்ளம் வந்த நாள்லேருந்து நீங்க ஒரு சொட்டு அழல. சந்தூக்கைத் தூக்கினப்போதான் ஓன்னு அழுதீங்க. அதான் வாய மூடிக்கிட்டேன்."

யூனிஸ் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, வேறு யாரையும் அழைக்காமல் சிலையைத் தோண்டி எடுத்தார்கள். வழவழப்பான அந்தக் கல்லிலிருந்த மண்ணை ரபீஹா தன் முக்காட்டால் துடைத்தாள். இடம் மாறியிருந்தது, கிடைத்துவிட்டது என்று மட்டும் பதிவேட்டில் எழுதுவதாகச் சொன்னாள்.

மிஃப்தாஹ் மண்வெட்டியை எடுத்து ஓரத்து மண்ணை உள்ளே தள்ளப் போனான்.

"மூடாதீங்க தம்பி" என்றாள் சல்மா. "அவ கிடைச்சா மறுபடி வெட்டச் சொல்ல இவருக்குத் தெம்பிருக்காது."